கார்த்திகைக்கு வேலூர் போகிறீர்களா? ரெண்டு நாள் முன்னாடியே போங்க

பொங்கலுக்கு ஊருக்குப் போவதைப் பற்றிச் சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள். எங்கள் பழைய வட ஆற்காட்டுப் பக்கம் கூட்டாளிகளோடு சேர்ந்து கொண்டாடும் பண்டிகை என்றால் எனக்குக் கார்த்திகைதான். காரணம், மாவளி: பனம்பூக் கரியைத் துணியில் கட்டிப் பற்றவைத்து, பொறி பறக்கச் சுற்றுவது.

முதலில் தேதி. கிறிஸ்துமஸ் லீவை நம்பி டிக்கெட் போட்டால் ஏமாந்துபோவீர்கள். கார்த்திகை மாதமே டிசம்பர் 15 வாக்கில் முடிந்துவிடும். தீபம் சில வருஷம் நவம்பரிலேயே வந்துவிடும். காலண்டரைப் பார்த்துவிட்டு லீவு கேளுங்கள். சென்னை விமான நிலையத்திலிருந்து வேலூர் ஏறக்குறைய 130 கிலோமீட்டர். காரில் வந்தால் சென்னை ஊருக்குள் நுழையாமலே ஸ்ரீபெரும்புதூர், வாலாஜா வழியாக வந்துவிடலாம். ரயில் என்றால் சென்ட்ரலில் ஏறிக் காட்பாடியில் இறங்கணும்.

ஒரு வருஷம் நான் தீபத்தன்று மத்தியானம்தான் போய் இறங்கினேன். கணியம்பாடி பக்கம் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த நாலு பேர் நாங்கள். மற்ற மூவரும் மாவளி கட்டித் திண்ணையில் அடுக்கி வைத்திருந்தார்கள். எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது, கூடவே காபி. சாயங்காலம் பற்றவைத்துக் கையில் கொடுத்தார்கள். சுற்றினேன், போட்டோ எடுத்தார்கள், பத்து நிமிஷத்தில் முடிந்தது. “இன்னாடா, விருந்தாளி மாரி குந்திக்கினு கீற” என்று ஒருத்தன் சிரித்தான். நாற்காலி போட்டதே அவன்தான்.

அதனால்தான் ரெண்டு நாள் முன்னாடி என்கிறேன். சுகமெல்லாம் கட்டுவதில்தான் இருக்கிறது. காய்ந்த பனம்பூவைக் குழியில் போட்டுக் கொளுத்தி, கனிந்து வரும்போது மண்ணைத் தள்ளி மூடிவிடணும். அவசரப்பட்டுத் திறந்தால் சாம்பல்தான் மிஞ்சும். ஆறியதும் கரியை நுணுக்கிக் கொஞ்சம் உப்புப் போட்டு, பழைய வேட்டித் துணியில் இறுக்கிச் சுருட்டிக் கட்டி, பிளந்த பனைமட்டைக்கு நடுவில் வைத்துக் கயிறு கட்டணும். கட்டு தளர்ந்தால் ஒரே சுற்றில் எல்லாம் கொட்டிவிடும். அந்தக் குழி ஆறும்வரை பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற பேச்சு வாட்ஸ்அப்பில் வராது.

ஆள்கள் மாறித்தான் இருப்பார்கள். எங்களில் ஒருத்தனுக்குத் தோள்வலி. நாலு சுற்றுக்குமேல் கை தூக்காது. வாத்தியாராகிவிட்டவன் முதல் நாள் பள்ளிக்கூடம் விட்டபிறகுதான் வருவான். இன்னொருத்தனுக்குச் சர்க்கரை, பெண்டாட்டி அந்தப் பக்கம் திரும்பினால் மட்டும் ஒரு பொரி உருண்டை. குழியை இப்போது அவன் மகன்தான் தோண்டுகிறான். “முன்னெல்லாம் இருபது கட்டுவோமே” என்று ஆரம்பிக்காதீர்கள். இப்போது ஆறு, அவ்வளவுதான். கடையில் ரெடிமேடா வாங்கிடலாமே என்று ஒரு தடவை சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வெளியூரிலிருப்பவனுக்கு என்ன பங்கு? பூவை மழைக்கு முன்னாலேயே பொறுக்கிக் காயவைக்கணும். அதை ஆவணியில் போன் போட்டு ஞாபகப்படுத்துவது என் வேலை. திட்டிக்கொண்டே பொறுக்கிவிடுவார்கள்.

உடுப்பு பருத்தியாக இருக்கட்டும். என் நைலான் ஜாக்கெட்டின் முதுகில் பொறி பட்டு மூன்று ஓட்டை. சுற்றுவதற்கு வைக்கோல் போர் இல்லாத வெட்டவெளியாகப் பாருங்கள். அன்றைக்கே திருவண்ணாமலைக்கும் ஓடணும் என்று நினைக்காதீர்கள். கூட்டத்தில் வண்டி ஊருக்குள் போகாது. மலைமேல் தீபம் 11 நாள் எரியும். ரெண்டு நாள் கழித்து, கண்ணமங்கலம், போளூர் வழியாக நிதானமாகப் போகலாம். கிரிவலம் 14 கிலோமீட்டர். முட்டி இருக்கிறவர்கள் நடக்கட்டும், நாங்கள் மூன்று வருஷமாக டீக்கடையோடு சரி.

மிஞ்சின மாவளியை ஆசையாகப் பெட்டியில் வைத்துக்கொண்டு விமானம் ஏறப் பார்க்காதீர்கள். கரித்தூளை விடமாட்டார்கள். கூட்டாளி வீட்டுப் பரண்மேல் இருக்கட்டும்.