ஜனவரி ரேஸுக்கு ப்ளான் போடணுமா, பின்னாடியிருந்து எண்ணுங்க

முதல்ல மாசவாரி காலண்டர் ஒண்ணு எடுங்க. சென்னை மாரத்தான் ஜனவரி தொடக்கத்துல வரும், அந்த ஞாயித்துக்கிழமைய சிவப்புல சுழிச்சுட்டு அங்கிருந்து பின்னாடி எண்ணிக்கிட்டே வாங்க. இது 5 கிலோமீட்டர் நிக்காம ஓடத் தெரிஞ்சு, முதல் ஹாஃப் மாரத்தான் (21.1 கிலோமீட்டர்) ஓட நினைக்கிறவங்களுக்கு.

ரேஸுக்கு முந்தின 2 வாரம் டேப்பர். தூரத்த பாதியா குறைங்க, ஆனா வேகத்த விடாதீங்க, நடுநடுவுல கொஞ்சம் வேகமா ஓடணும் இல்லன்னா கால் மந்தமாயிடும். நான் முதல் வருஷம் கடைசி ஞாயிறு "சும்மா டெஸ்ட் பாப்போம்"னு 20 ஓடிட்டு ரேஸன்னைக்கு 16-லயே கால் கல்லாகி மிச்சத்த நடந்தே முடிச்சேன்.

அதுக்கு முன்னாடி அக்டோபர் நடுவுல இருந்து ஒரு 10 வாரம், இதுதான் ரேஸுக்குன்னே பண்ற பயிற்சி. வாரத்துல ஒரு நாள் டெம்போ (கொஞ்சம் சிரமமான வேகத்துல ஒரே சீரா ஓடறது), ஞாயிறு லாங் ரன், 10 கிலோமீட்டர்ல ஆரம்பிச்சு மெதுவா 18 வரைக்கும் ஏத்துங்க. ஆனா நம்ம ஊர்ல வடகிழக்குப் பருவமழையும் கரெக்டா இதே நேரத்துலதான் வந்து நிக்கும், ரோடு முழுக்க தண்ணி. நெட்ல கிடைக்கிற வெளிநாட்டு ப்ளான்ல இதெல்லாம் இருக்காது, அதனால 2 வாரம் போச்சுன்னு முன்னாடியே கழிச்சுட்டு போடுங்க.

ஜூன்ல இருந்து அக்டோபர் வரைக்கும் பேஸ், அதாவது அடித்தளம் போடற காலம். வெறும் ஈசி ரன், ஈசின்னா பக்கத்துல ஓடறவங்ககிட்ட முழு வாக்கியமா பேச முடியணும், முடியலையா, வேகம் ஜாஸ்தி. 3 வாரம் ஏத்தி நாலாவது வாரம் இறக்குங்க, வாரத்துக்கு மொத்தம் 20, 22, 24, அப்புறம் 17 கிலோமீட்டர் மாதிரி. இறக்குற வாரத்த சோம்பேறித்தனம்னு தாண்டிப் போறவங்கதான் முட்டிய பிடிச்சுக்கிட்டு உக்காருவாங்க, உடம்பு தேறுறதே அந்த வாரத்துலதான். வருஷத்த இப்படி கட்டம் கட்டமா பிரிக்கிற முறைய சோவியத் யூனியன்ல மத்வேயெவ்ங்கிற விளையாட்டுப் பயிற்சி ஆய்வாளர் 1960கள்லயே எழுதி வெச்சுட்டாரு.

ஏப்ரல், மே? அக்னி நட்சத்திரத்துல வீரம் காட்ட வேணாம். காலைல 5 மணிக்கு கொஞ்சம் ஓட்டம், வாரம் 2 நாள் ஸ்குவாட், லஞ்ச் (lunge, ஒரு கால முன்னாடி வெச்சு முட்டிய மடக்கி இறங்குறது), குதிகால் தூக்கறது, அவ்ளோதான்.

ரேஸ் முடிஞ்ச கையோட 2 வாரம் ஷூவ தொடாதீங்க, சைக்கிள், நீச்சல் ஓகே. அப்புறம் பிப்ரவரி, மார்ச்ல இஷ்டத்துக்கு ஓடுங்க, வாட்ச் கூட வேணாம்.