சிறிய மீக்கடத்திக் கியூபிட் வடிவமைப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கியூபிட்டை இயக்கத் தேவையான மில்லிகெல்வின் குளிர்கலன் (தனிச்சுழி வெப்பநிலையை நெருங்கும் குளிரூட்டி) இல்லையென்றாலும், நாகர்கோவிலிலோ தக்கலையிலோ உள்ள கல்லூரி மாணவர் இறுதியாண்டுத் திட்டப்பணிக்காக ஒரு டிரான்ஸ்மான் கியூபிட்டைக் கணினியில் வடிவமைக்க இயலும். கியூபிட் என்பது குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகு; மின்தடையின்றி மின்னோட்டம் பாயும் மீக்கடத்தியால் ஆன அதன் ஒரு வகையே டிரான்ஸ்மான். கிஸ்கிட் மெட்டல் போன்ற திறமூல மென்பொருள்கள் அதற்குப் போதும். தவறுகள் தொடங்குவது, அதைச் சிறிதாக்க முனையும்போதுதான்.

படத்தை அப்படியே சுருக்குவது முதல் தவறு. வழக்கமான டிரான்ஸ்மானில் சில நூறு மைக்ரோமீட்டர் அகலமுள்ள உலோகத் தகடுகள் ஏறத்தாழ 70 ஃபெம்டோஃபாரட் மின்தேக்குதிறனைத் தருகின்றன. அது பாதியானால், தகட்டில் மின்னூட்டத்தைச் சேர்க்க ஆகும் மின்னூட்ட ஆற்றல் இரட்டிப்பாகும். தகடுகளை இணைக்கும் ஜோசப்சன் சந்தியின் (இரு மீக்கடத்திகளுக்கு நடுவே மெல்லிய காப்புப் படலம் கொண்ட அமைப்பின்) ஆற்றலை மாற்றாமல் விட்டால், மின்னூட்ட ஆற்றலைப்போல் அது எத்தனை மடங்கு என்ற விகிதம் 50இலிருந்து 25ஆக இறங்கும்; மின்னூட்ட இரைச்சலால் அதிர்வெண் தடுமாறும் அளவோ நூற்றுக்கணக்கான மடங்கு ஏறிவிடும், ஏனெனில் 2007இல் யேல் பல்கலைக்கழகக் குழுவினர் முன்வைத்த டிரான்ஸ்மான் அந்த இரைச்சலுக்கு எதிராகத் தரும் பாதுகாப்பு, இந்த விகிதத்தின் வர்க்கமூலத்தைச் சார்ந்து அடுக்குக்குறியாக மாறுவது.

இதை அறிந்தவர்கள் தகடுகளின் இடைவெளியைக் குறுக்கி மின்தேக்குதிறனை மீட்கிறார்கள். என் கணிப்பில் இதுவே பெரிய தவறு, காரணம் இது கண்ணில் படுவதில்லை. மென்பொருள் தரும் மின்தேக்கு அணி (தகடுகளுக்கிடையேயான மின்தேக்குதிறன்களின் பட்டியல்) சரியாக இருக்கும், அதிர்வெண்ணும் 5 கிகாஹெர்ட்ஸ் என்றே வரும். ஆனால் குறுகிய இடைவெளியில் மின்புலம் செறிந்து, உலோகத்தின் மேலும் அடியிலும் உள்ள சில நானோமீட்டர் ஆக்சைடு படலங்களுக்குள் கூடுதல் ஆற்றல் புகுகிறது. அங்குள்ள குறைபாடுகள் அதை விழுங்குகின்றன. அவ்வளவு மெல்லிய படலத்தை, வடிவத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்துச் செய்யும் சாதாரண வலைப்பின்னல் கணக்கு பிடிக்காது, ஆகவே ஆற்றலின் பங்கைத் தனியே கணக்கிட வேண்டும். இழப்புக்கெழு (பொருள் ஆற்றலை விழுங்கும் அளவு) ஆயிரத்தில் ஒன்றாக உள்ள படிகமற்ற அலுமினிய ஆக்சைடில் முழு ஆற்றலும் இருந்தால், கியூபிட்டின் ஆயுள், அதாவது அது தன் ஆற்றலை இழக்காமல் வைத்திருக்கும் நேரம், சுமார் 32 நானோவினாடிதான். பத்தாயிரத்தில் ஒரு பங்கு மட்டும் இருந்தால் 320 மைக்ரோவினாடி. தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் இணைத்தகட்டு மின்தேக்கியால் கியூபிட்டைச் சிறிதாக்கிய ஆய்வாளர்கள் அறுகோண போரான் நைட்ரைடு போன்ற படிகப் படலங்களை நாடியது இதனால்தான்.

மிச்சமான இடத்தில் கியூபிட்டுகளை நெருக்கி அடுக்கும்போது அதிர்வெண் விலகலையும் மறக்கக் கூடாது: ஜோசப்சன் சந்தியின் மாறுநிலை மின்னோட்டம் (மின்தடையின்றி அது கடத்தும் உச்ச மின்னோட்டம்) 4 விழுக்காடு பிசகினால் அதிர்வெண் ஏறத்தாழ 100 மெகாஹெர்ட்ஸ் நகரும், அண்டைக் கியூபிட்டோடு மோதவும் கூடும்.

சிறியது என்பதால் கதிர்வீச்சு தீண்டாது என்ற எண்ணமும் தவறு. மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் கனிமமும் அதற்குள் கதிரியக்கமுள்ள தோரியமும் இருப்பது நம் கன்னியாகுமரி மாவட்டத்தார் அறிந்ததே. ஆனால் காமாக் கதிருக்குக் கடற்கரை தேவையில்லை, எந்த ஊர்க் கான்கிரீட்டும் சிறிதளவு உமிழும். அக்கதிரை வாங்குவது கியூபிட்டின் தகடு அன்று, அடியிலுள்ள சிலிக்கான். அதில் எழும் ஒலியதிர்வுகள் பரவி, மீக்கடத்தியில் மின்தடையின்றி மின்னோட்டத்தைச் சுமக்கும் எலக்ட்ரான் இணைகளை உடைத்து, அருகருகே உள்ள பல கியூபிட்டுகளை ஒரே நேரத்தில் கெடுக்கின்றன. பிழைகள் ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டு பிழைதிருத்தக் கணக்கைப் போடுபவர், ஈயக் கவசத்தையும், சில்லின் பின்புறத்தில் அந்த அதிர்வுகளை உறிஞ்சும் தாமிரப் படலத்தையும் வடிவமைப்பின் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும்.