குரூசர் பைக்கில் இரட்டைச் சைலன்சர் பொருத்துதல்: முதன்முறை செய்பவர்களுக்கான செய்முறை விளக்கம்

இரட்டைச் சைலன்சர் வேண்டும் என்பவர் முதலில் பார்க்க வேண்டியது தம் வண்டியின் எஞ்சினில் எத்தனை சிலிண்டர் என்பதைத்தான். சூப்பர் மீட்டியர் 650 போன்ற இரட்டைச் சிலிண்டர் வண்டியில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு பெண்டு பைப் (எஞ்சினிலிருந்து சைலன்சருக்குப் புகையைக் கொண்டுபோகும் வளைந்த குழாய்) தொழிற்சாலையிலிருந்தே வருகிறது. மீட்டியர் 350, அவெஞ்சர் போன்ற ஒற்றைச் சிலிண்டர் வண்டிகளில் புகை வெளியேறும் வாய் ஒன்றே ஒன்று. அதை இரண்டாகப் பிரித்துக் குழாய் விட்டால் எடை கூடுமே தவிர எஞ்சினுக்குப் பயன் எதுவும் இல்லை. பழைய யெஸ்டியில் ஒரே சிலிண்டருக்கு இரண்டு குழாய் இருந்ததே என்று சிலர் கேட்பார்கள். அந்தச் சிலிண்டரிலேயே இரண்டு வாய்கள் வைத்து வார்த்திருந்தார்கள். எனவே இங்கே இரட்டைச் சிலிண்டர் குரூசரை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன்.

எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது

புதிதாகக் கைவைப்பவர்கள் பெண்டு பைப்பை அப்படியே விட்டுவிட்டு, பின்பக்கச் சைலன்சர் இரண்டையும் மட்டும் மாற்றுவதே நல்லது. 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பி.எஸ்.6 (புகை மாசு வரம்பு விதி) வண்டிகளில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் சென்சாரும் புகை வெளியேறும் இந்தப் பாதையில்தான் இருக்கின்றன. கன்வர்ட்டர் சில வண்டிகளில் எஞ்சினுக்கு அடியில் உள்ள குழாயிலும், சிலவற்றில் சைலன்சருக்குள்ளேயும் இருக்கும். உங்கள் வண்டியில் அது எங்கே இருக்கிறது என்று உறுதி செய்துகொள்ளாமல் எதையும் அறுக்க வேண்டாம். சைலன்சருக்குள்ளேயே இருந்தால் இந்த வேலையைக் கைவிடுவதுதான் சரி.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 175 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வாகனத்துக்கு ஒலி வரம்பு 80 டெசிபெல். அதை மீறினால், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டும் சேர்த்தோ விதிக்கப்படலாம். ஓட்டுநர் உரிமத்தையும் மூன்று மாதம் இழக்க நேரும். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலம். சி.எம்.சி. மருத்துவமனை நகரின் நடுவே இருக்கும் வேலூரில் இதை ஏட்டில் உள்ள விதியாக மட்டும் நினைத்துவிட முடியாது. ஆகவே உள்ளே தடுப்புக் குழாயும் கண்ணாடி நாரும் உள்ள சைலன்சரையே வாங்குங்கள். வெறும் குழாயைச் சைலன்சர் என்று விற்பவரிடம் பேரம்கூடப் பேச வேண்டாம்.

பிராக்கெட்டோ இணைப்புக் குழாயோ தனியாகச் செய்ய வேண்டியிருந்தால், பெல் ஆலையும் சிப்காட்டும் உள்ள ராணிப்பேட்டைப் பக்கம் ஆர்கான் வெல்டிங் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. ஸ்டெயின்லெஸ் குழாயானால், குழாயின் உள்பக்கமும் ஆர்கான் நிரப்பிப் பற்றவைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பற்றின் உள்முகம் கருகிச் சொரசொரப்பாகி, நாளடைவில் அங்கேயே விரிசல் விடும். பற்றவைப்பதைக் கூடுமானவரை வண்டியிலிருந்து கழற்றி வைத்தே செய்ய வேண்டும். வண்டியிலேயே புள்ளிப் பற்று வைக்க நேர்ந்தால், பேட்டரியின் நெகட்டிவ் வயரையும் இ.சி.யூ. (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) இணைப்பையும் முன்கூட்டியே கழற்றிவிடுங்கள்.

கழற்றுதல்

வண்டி முழுதும் ஆறியிருக்க வேண்டும். வேலூர் வெயிலில் நின்ற வண்டிக்கு இன்னும் கூடுதல் நேரம் கொடுங்கள். சமதளத்தில் நேராக நிறுத்தி, கிளாம்ப் நட்டுகளில் துரு இளக்கும் எண்ணெயை முந்தின நாள் இரவே தெளித்து வைத்தால் மறுநாள் நட்டு முறியாது. முதலில் கிளாம்பைத் தளர்த்தி, பிறகு பின்புற பிராக்கெட் போல்ட்டைக் கழற்றுங்கள். அப்போது சைலன்சரைத் தாங்கிப் பிடிக்க ஒருவர் அருகில் இருக்க வேண்டும். நேராக இழுத்தால் வராத சைலன்சரை இடவலமாக மெல்லத் திருகி இழுத்தால் வந்துவிடும். சுத்தியலால் அடிக்கக்கூடாது.

பொருத்துதல்

இந்த வேலையின் உயிர்நாடி இந்தக் கட்டம்தான். பழைய பேக்கிங்கை (இணைப்பில் புகை கசியாமல் அடைக்கும் வளையம்) மீண்டும் போடாதீர்கள். ஒருமுறை நசுங்கிய பேக்கிங் மறுமுறை அடைக்காது. புதிய பேக்கிங்கை வைத்து, இரு பக்கச் சைலன்சர்களையும் செருகி, எல்லா நட்டு போல்ட்டுகளையும் கையால் மட்டும் திருகி நிறுத்துங்கள். ஸ்பேனரை இன்னும் எடுக்க வேண்டாம். வண்டியின் பின்னால் சற்றுத் தொலைவில் நின்று, இரண்டு சைலன்சர்களும் ஒரே உயரத்தில், ஒரே சாய்வில் இருக்கின்றனவா என்று பார்த்துச் சரிசெய்த பிறகே இறுக்கத் தொடங்க வேண்டும். எஞ்சின் பக்கமிருந்து பின்னோக்கி வர வேண்டும்: முதலில் கிளாம்ப், கடைசியில் பிராக்கெட். பிராக்கெட்டை முதலில் இறுக்கினால் குழாய் வலுக்கட்டாயமாக வளைந்து நிற்கும். அந்த இழுவை சிலிண்டர் ஹெட்டில் குழாயைப் பிடித்திருக்கும் ஸ்டட் (மரையாணி) வரை போகும். இறுக்கும் அளவுக்கு வண்டியின் சர்வீஸ் புத்தகத்தைப் பார்த்து இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சைப் பயன்படுத்துங்கள்.

பிராக்கெட்டில் வரும் ரப்பர் புஷ்ஷை அலங்காரம் என்று எண்ணித் தூக்கி எறிபவர்கள் உண்டு. ஒரு மீட்டர் ஸ்டெயின்லெஸ் குழாய் 300 டிகிரி சூடேறும்போது ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீள்கிறது. அந்த நீட்சிக்கு இடம் கொடுப்பது புஷ்தான். அது இல்லாவிட்டால் பற்றவைத்த இடம்தான் முதலில் விரிசல் விடும். சென்சாருக்கு அருகில் சிலிக்கான் பசை தடவுவதும் கூடாது. அதன் ஆவி சென்சாரைக் கெடுத்துவிடும்.

இடைவெளி

பின்னால் ஒருவரை உட்காரவைத்துப் பாருங்கள். வண்டி தாழ்ந்த நிலையிலும் ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை), பிரேக் குழாய், சேடில் பேக் எதுவும் சைலன்சரைத் தொடக்கூடாது. பின்சக்கர ஆக்ஸிலை வெளியே இழுக்க வழி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இல்லையென்றால் பள்ளிகொண்டா அருகே பஞ்சர் ஆனால் சைலன்சரையும் கழற்ற வேண்டிவரும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியைச் சாய்க்கும்போது தரையில் முதலில் உரச வேண்டியது மடங்கும் ஃபுட் ரெஸ்ட். மடங்காத சைலன்சர் முதலில் உரசினால் சக்கரம் தரையை விட்டு எழும்பிவிடும்.

முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது

குழாய்களை ஸ்பிரிட் தொட்ட துணியால் முழுதும் துடையுங்கள். கைரேகையின் எண்ணெய்ப் பிசுக்கு சூட்டில் நிரந்தரக் கறையாகும். புகையில் கார்பன் மோனாக்சைடு இருப்பதால் மூடிய ஷெட்டுக்குள் ஸ்டார்ட் செய்யாதீர்கள். சற்று நேரம் ஓடவிட்டு, இணைப்புகளில் ‘டிக் டிக்’ ஒலியோ கரும்புகைத் தடமோ இருக்கிறதா என்று கவனியுங்கள். ஆக்ஸிலேட்டரை விடும்போது பின்னால் படபடவென்று வெடித்தாலும் கசிவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். முனையில் தண்ணீர் சொட்டுவது இயல்பு.

வண்டி ஆறியபின் எல்லா நட்டுகளையும் ஒருமுறை சரிபாருங்கள். ஆம்பூர் வரை போய்த் திரும்பியபின் இன்னொரு முறை பாருங்கள். கழற்றிய சைலன்சர்களை எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைத்திருங்கள். 15 ஆண்டு கழித்துப் பதிவைப் புதுப்பிக்க வண்டியைக் காட்டும்போதும், அதற்கு முன் விற்க நேர்ந்தாலும், அவை தேவைப்படும்.