டெபுடேஷன் லீவில் தட்சிண சித்ராவுக்கு ஒரு கார் பயணம்

டெபுடேஷன் லீவில், அதாவது ஊழியத்தைப் பற்றிச் சபைகளில் பேச வரும் விடுமுறையில், ஊர் வரும் மிஷனெரிக் குடும்பங்களில் நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள்: "அக்கா, பிள்ளைகளோட தட்சிண சித்ரா போனீங்களே, எப்படிப் போகணும்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். தட்சிண சித்ரா என்பது சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில், பழைய தென்னிந்திய வீடுகளை வைத்திருக்கும் திறந்தவெளி மியூசியம்.

நாங்கள் ஜார்க்கண்டில், ராஜ்மகால் மலைப் பக்கம் ஊழியத்தில் இருக்கிறோம். பிள்ளைகள் பிறந்தது, வளர்ந்தது எல்லாம் அங்கேதான். ஊர் என்றால் அவர்களுக்கு ஆச்சி வீட்டு ஃபேன், முறுக்கு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை, அவ்வளவுதான். திண்ணை, முற்றம் என்று சொன்னால் முகத்தைப் பார்ப்பார்கள். அதற்காகத்தான் இந்தப் பயணம்.

முதலில் கிழமை, பிறகுதான் வழி

எல்லாரும் மேப்பைத் திறந்துதான் ஆரம்பிப்பார்கள். நீங்கள் காலண்டரைத் திறங்கள்.

நம்மைப் போன்றவர்களுக்கு சனியும் ஞாயிறும் சபைகளில் கூட்டம். ஓய்வு கிடைப்பது திங்களும் செவ்வாயும். முதல் தடவை நாங்களும் அப்படித்தான், கடலூரில் ஞாயிறு ஆராதனையில் பேசிவிட்டு, திங்கள் காலையில் கிளம்பி ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) ஏறினோம். வழியில் வடநெம்மேலி முதலைப் பண்ணை. திங்கள் விடுமுறை. சரி, பரவாயில்லை என்று மாமல்லபுரத்தில் தங்கி, மறுநாள் முட்டுக்காடு போனால் தட்சிண சித்ரா செவ்வாய் விடுமுறை! பூட்டிய கேட்டுக்கு முன்னால் நின்று இவர் என்னைப் பார்க்க, நான் இவரைப் பார்க்க, சின்னவள் மட்டும் "இதுதான் மியூசியமா?" என்று கேட்டாள். புதன்கிழமை மதுரையில் கூட்டம். திரும்பிவிட்டோம். அடுத்த லீவு வர இரண்டு வருடம்.

ஆகவே புதன், வியாழன் இரண்டையும் கூட்டம் எதற்கும் ஒப்புக்கொள்ளாமல் காலியாக வையுங்கள். செவ்வாய் வழியில் போகட்டும். திறப்பது காலை 10 மணி, மூடுவது மாலை 6. கிளம்பும் முன் ஒரு போன் போட்டுவிடுங்கள்.

வண்டி

கொழுந்தனார் காரை வாங்கிக்கொண்டு போனோம். பெட்ரோல், டயர் எல்லாம் பார்த்தோம், பாஸ்டேக்கை, அதுதான் சுங்கக் கட்டணம் தானாகக் கழிய கண்ணாடியில் ஒட்டும் அட்டையை, பார்க்கவில்லை. இரவல் வண்டியில் அது உரிமையாளர் கணக்கில் இருக்கும், இருப்புக் குறைந்த செய்தி அவர் போனுக்குத்தான் போகும். சுங்கச்சாவடியில் பின்னால் லாரிக்காரர் ஹாரன் அடிக்க, நாங்கள் கொழுந்தனாருக்குப் போன் அடிக்க, அவர் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். கடைசியில் இரட்டிப்புக் கட்டணம். யுபிஐ ஆப்பில் வங்கியைத் தேர்ந்தெடுத்து வண்டி எண்ணைப் போட்டால் யார் வேண்டுமானாலும் பணம் ஏற்றலாம் என்பதே அப்புறம்தான் தெரிந்தது. வீட்டிலேயே செய்துவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு என் கட்சி எப்போதும் பொடி தடவிய இட்லியும் புளிசாதமும்தான், எவர்சில்வர் தூக்கில். நெடுஞ்சாலை ஓட்டலில் நான்கு பேர் காலை டிபன் சாப்பிடும் காசுக்கு இரண்டு பிள்ளைகளும் தட்சிண சித்ராவில் மண்பானை செய்துவிடலாம்.

வழி

திருநெல்வேலியில் கிளம்பினால் மதுரை, திருச்சி வரை யோசிக்க ஒன்றுமில்லை. அதன்பின் மேப் உங்களை விழுப்புரம் தாண்டித் தாம்பரம் வரை இழுக்கும். கேட்காதீர்கள். முட்டுக்காடு சென்னைக்குத் தெற்கே ஏறக்குறைய 25 கிலோமீட்டரில், கடலோரச் சாலையிலேயே இருக்கிறது. நகரத்துக்குள் நுழையவே வேண்டாம். அவசரம் என்றால் செங்கல்பட்டில் திரும்பி, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் வந்து ஈசிஆரைப் பிடியுங்கள்.

எனக்குப் பிடித்தது சுற்று வழி: திருச்சி, தஞ்சாவூர், மயிலாடுதுறை, தரங்கம்பாடி, சிதம்பரம், கடலூர், புதுச்சேரி. தரங்கம்பாடியில் 1706 ஜூலை 9இல் ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கு வந்திறங்கிய கரையையும், 1718இல் எழும்பிய புதிய எருசலேம் ஆலயத்துக்குள் அவருடைய கல்லறையையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம். டேனியர் கோட்டை 1620இல் கட்டியது, பையனுக்கு அதுதான் பிடித்தது. இரவு யார் குருமனையிலாவது (போதகர் வீடு) தங்குவதானால், "சாப்பாடு வேண்டாம் ஐயா, களைப்பாக வருவோம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் சாயங்காலம் வீட்டு ஜெபக்கூட்டத்தில் பிரசங்கம் உங்களுடையதுதான்.

உள்ளே

10 மணிக்கே நுழைந்துவிடுங்கள். மே மாத வெயிலில் 12க்கு மேல் பிள்ளைகள் நிழலைத் தவிர எதையும் பார்க்கமாட்டார்கள்.

1996இல் திறந்த இடம் இது. தென்மாநிலங்களில் இடிபடவிருந்த பழைய வீடுகளை மரம் மரமாகப் பிரித்துக் கொண்டுவந்து திரும்பக் கட்டியிருக்கிறார்கள். வளாகத்தை வடிவமைத்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் 1945இல் தொழுநோயாளர் ஊழியத்துக்காக இங்கிலாந்திலிருந்து இந்தியா வந்தவர். டாக்டரான மனைவியோடு இமயமலைப் பக்கம், பித்தோராகரில் பல வருடம் இருந்தவர். வழியில் என் கணவர் இதைச் சொன்னதும் பையன், "அவங்க பிள்ளைங்க ஹாஸ்டல்லயா படிச்சாங்க?" என்று கேட்டான். அதற்கு மேல் இவர் எதுவும் பேசவில்லை.

எல்லா வீட்டையும் பார்த்தே தீருவேன் என்று ஓடாதீர்கள். நாலு வீடு போதும். செட்டிநாட்டு வீட்டில் முற்றத்தைச் சுற்றி ஓடவிடுங்கள். அக்ரகார வீட்டுத் திண்ணையில் அரைமணி உட்காருங்கள், வழிப்போக்கன் கேட்காமலே படுத்துக்கொள்ளும் இடம் இது என்று அங்கே வைத்துச் சொன்னால்தான் ஏறும். கேரளப் பகுதியில் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீட்டை விடாதீர்கள், முழுக்க மரவேலை. குயவர் வீட்டில் மட்டும் என் மகளுக்கு ஆச்சரியமே இல்லை. மண் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது நம்ம பக்கத்து வீடுதானே, இதுக்கா டிக்கெட்?" என்றாள்.

கைவேலைகளுக்குத் தனிக் காசு, சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். பானை சக்கரத்துக்கு முதலில் போங்கள், மதியத்துக்கு மேல் வரிசை நிற்கும். கிளி ஜோசியக்காரரும் இருப்பார். பிள்ளைகள் கிளியைப் பார்த்துவிட்டு நகரமாட்டார்கள். நான் கிளிக்கு நெல் கொடுக்கலாமா என்று மட்டும் கேட்டு, சீட்டு எடுக்காமல் தப்பித்தேன். மாமியாரிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

பின்சேர்க்கை: முட்டி வலி உள்ள பெரியவர்களை அழைத்துப் போகலாமா என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார். போகலாம், ஆனால் பழைய வீட்டு வாசற்படிகள் உயரம். ஒரு ஊன்றுகோலும், அவர் திண்ணையிலேயே இருந்துகொள்ள ஒரு துணையும் வேண்டும்.

இன்னொன்று: பிள்ளைகள் செய்யும் பானை சுடாத பச்சை மண். நாங்கள் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தோம், ஹவுரா ரயில் ஏறும் முன்பே இரண்டாகப் போனது. நிழலில் இரண்டு நாள் காயவிட்டு, பழைய துணி அடைத்து, பிரஷர் குக்கருக்குள் வைத்து ஒடிசா வரை கொண்டுபோய்ச் சேர்த்ததாக ஒரு தம்பி எழுதியிருக்கிறார். ஐந்து லிட்டர் குக்கராம்.