திருவாதிரை முதல் ஓரியன் நெபுலா வரை: ஒரே இரவில் விண்மீன்களின் வாழ்க்கையைப் படிப்பது எப்படி?

விண்மீன்கள் பிறக்கின்றன, முதிர்கின்றன, இறக்கின்றன என்று பள்ளியில் படித்திருப்போம். அந்தப் பாடத்தின் பெரும்பகுதியை வானத்தில் ஒரே இடத்தில் கண்ணால் பார்த்துவிட முடியும். அந்த இடம் வேட்டைக்காரன் என்று சொல்லப்படும் ஓரியன் விண்மீன் குழு. கையை நீட்டிப் பிடித்தால் ஒரு சாண் அகலத்துக்குள், ஆயுளின் கடைசிக் கட்டத்தில் இருக்கும் சிவப்புப் பெருவிண்மீன் ஒன்றும் (திருவாதிரை), நீலப் பெருவிண்மீன் ஒன்றும் (ரைஜல்), இப்போதும் புதிய விண்மீன்களை உருவாக்கிக்கொண்டிருக்கும் வாயு மேகம் ஒன்றும் (ஓரியன் நெபுலா) அங்கே இருக்கின்றன. வீட்டு மொட்டைமாடியும் ஒரு பைனாகுலரும் போதும்.

படி 1: நாளையும் நேரத்தையும் தேர்ந்தெடுத்தல்

டிசம்பர் முதல் மார்ச் வரை ஓரியன் மாலையிலும் முன்னிரவிலும் தெரியும். ஜனவரி நடுவில் இரவு 10 மணியளவிலும், பிப்ரவரி நடுவில் 8 மணியளவிலும் உச்சத்துக்கு வரும். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் பார்க்கும்போது அது ஏறக்குறைய தலைக்கு மேலேயே நிற்பதால், அந்த நேரத்தில் நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும்; பாய் விரித்துப் படுத்துக்கொள்வதே மேல்.

தேய்பிறை அஷ்டமியிலிருந்து வளர்பிறை நான்காம் நாள் வரையிலான இரவுகள் மிகவும் ஏற்றவை. திருவாதிரை விண்மீனைப் பார்க்கத் திருவாதிரைத் திருநாளே சிறந்தது என்று சிலர் நினைக்கக்கூடும். ஆனால் மார்கழித் திருவாதிரையன்று முழுநிலவோ அதற்கு மிக நெருங்கிய நிலவோ அந்த விண்மீனுக்குப் பக்கத்திலேயே நிற்கும். அந்த வெளிச்சத்தில் நெபுலா கரைந்துவிடும்.

படி 2: பைனாகுலரைக் கண்ணுக்குப் பொருத்துதல்

முதல் கருவியாக 10x50 பைனாகுலரையே பரிந்துரைப்பேன். இதில் 10 என்பது உருப்பெருக்கம், 50 என்பது முன்பக்க லென்சின் விட்டம் மில்லிமீட்டரில். அதே விலைக்கு விற்கும் சிறிய டெலஸ்கோப்புகளின் அட்டைப்பெட்டியில் பல நூறு மடங்கு உருப்பெருக்கம் என்று அச்சிட்டிருப்பார்கள். ஆடும் முக்காலியில் நிற்கும் அந்தக் கருவிகளால், வானத்தைப் பார்க்கத் தொடங்குபவர் பார்ப்பதையே விட்டுவிட நேரும். ஜூம் வசதியுள்ள பைனாகுலர்களையும் தவிர்க்கலாம். அவற்றின் பார்வைப் பரப்பு குறுகலாக இருக்கும்.

பலர் பைனாகுலரில் விண்மீன் புள்ளியாகத் தெரியவில்லை என்று குறைப்படுவதற்குக் காரணம், இரு கண்களுக்கும் தனித்தனியே குவியம் சரிசெய்ய வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாததே. முதலில் இரு குழல்களையும் விரித்தோ சுருக்கியோ, இரண்டு வட்டங்களும் ஒன்றாகத் தெரியும்படி வையுங்கள். பிறகு வலப்பக்க முன் லென்சை மூடியால் மூடிவிட்டு, இரு கண்களையும் திறந்தபடியே, நடுவிலுள்ள சக்கரத்தைத் திருப்பி இடக்கண்ணுக்கு விண்மீனைக் கூர்மையான புள்ளியாக்குங்கள். அடுத்து மூடியை இடப்பக்க லென்சுக்கு மாற்றி, நடுச் சக்கரத்தைத் தொடாமல், வலக் கண்வில்லையைச் சுற்றியுள்ள வளையத்தை மட்டும் திருப்பி வலக்கண்ணுக்குக் கூர்மையாக்குங்கள். லென்சை மூடாமல் ஒரு கண்ணை இறுக்கி மூடினால் மற்றக் கண்ணும் சுருங்கி அளவு தவறிவிடும். அந்த வளையத்தில் உங்கள் கண்ணுக்குரிய இடத்தைப் பென்சிலால் குறித்துவைத்தால், அடுத்த முறை நடுச் சக்கரத்தை மட்டும் திருப்பினால் போதும்.

படி 3: படுத்திருக்கும் வேட்டைக்காரனை அடையாளம் காணுதல்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வரையப்பட்ட படங்களில் வேட்டைக்காரன் நிமிர்ந்து நிற்பான். இடுப்புப் பட்டையின் மூன்று விண்மீன்களுக்குக் கீழே, நெபுலா இருக்கும் வாள் தொங்கும். நமது அட்சரேகையில் முன்னிரவில் கிழக்கே உதிக்கும் ஓரியன் அப்படி இருக்காது. பட்டையின் மூன்று விண்மீன்களும் கிட்டத்தட்டச் செங்குத்தாக, ஒன்றன்கீழ் ஒன்றாக எழும். திருவாதிரை அவற்றுக்கு இடப்பக்கத்திலும், ரைஜல் வலப்பக்கத்திலும் இருக்கும். வாளும் வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். படத்தை நம்பிப் பட்டைக்குக் கீழே தேடுபவர் எத்தனை நேரம் தேடினாலும் அங்கே நெபுலா கிடைக்காது.

திசையைக் கொண்டு நினைவில் வைத்துக்கொண்டால் குழப்பமே வராது: திருவாதிரை பட்டைக்கு வடக்கே, ரைஜலும் வாளும் பட்டைக்குத் தெற்கே. கிழக்கு நோக்கி நின்றால் தெற்கு வலப்பக்கம். நள்ளிரவுக்குப் பின் மேற்கு நோக்கி நின்றால் தெற்கு இடப்பக்கம், ஆகவே முழு உருவமும் மறுபக்கமாகச் சாய்ந்திருக்கும். சரிபார்க்க ஒரு வழியும் உண்டு. உதிக்கும் ஓரியனின் பட்டைக் கோட்டைக் கீழ்நோக்கி நீட்டினால் இரவு வானின் மிகப் பிரகாசமான விண்மீனான சிரியஸ் வரும். மேல்நோக்கி நீட்டினால் செம்மஞ்சளான ரோகிணியும், அதற்கும் அப்பால் கார்த்திகைக் கூட்டமும் வரும்.

வானத்தை நோக்கிப் பிடித்தால் பெயர் காட்டும் கைப்பேசிச் செயலிகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை. மாடியில் இருக்கும் இரும்புக் கைப்பிடியும் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியும் கைப்பேசியின் திசைகாட்டியைப் பிறழச் செய்துவிடும். கணினியில் இலவசமாகக் கிடைக்கும் ஸ்டெல்லேரியம் மென்பொருளில் உங்கள் ஊரையும் நேரத்தையும் கொடுத்து, அன்றைய வானத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது.

படி 4: நிறத்தைப் பிரித்தறிதல்

திருவாதிரையையும் ரைஜலையும் மாறி மாறிப் பாருங்கள். நிற வேறுபாடு தெளிவாகத் தெரியாவிட்டால் பைனாகுலரின் குவியத்தைச் சற்றே கலையுங்கள். ஒளி சிறு வட்டாகப் பரவும்போது திருவாதிரையின் செம்மஞ்சளும் ரைஜலின் நீலவெண்மையும் பளிச்சென்று தெரியும்.

நிறம் காட்டுவது மேற்பரப்பின் வெப்பநிலையை. கொல்லன் உலையில் இரும்பு முதலில் சிவந்து, பிறகு மஞ்சளாகி, வெளுப்பதைப் போலத்தான் இதுவும். திருவாதிரையின் மேற்பரப்பு ஏறத்தாழ 3,500 கெல்வின், சூரியன் சுமார் 5,770, ரைஜல் சுமார் 12,000. இதிலிருந்து நீலம் என்றால் இளமை, சிவப்பு என்றால் முதுமை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ரைஜலும் தன் மையத்திலிருந்த எரிபொருளான ஹைட்ரஜனைத் தீர்த்துவிட்ட விண்மீனே.

ஒரு விண்மீனின் ஆயுளைத் தீர்மானிப்பது அதன் நிறை. நிறை அதிகமானால் மையத்தில் அழுத்தமும் வெப்பமும் அதிகமாகின்றன. எரிபொருள் கூடுதலாக இருந்தாலும் அது பன்மடங்கு வேகத்தில் தீர்ந்துபோகிறது. சூரியனைவிடப் பதினைந்து மடங்குக்குக் குறையாத நிறையுடன் பிறந்ததாகக் கணிக்கப்படும் திருவாதிரை, ஒரு கோடி ஆண்டுகளுக்குள்ளாகவே தன் இறுதிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. அதைச் சூரியன் இருக்கும் இடத்தில் வைத்தால் செவ்வாயின் பாதையையும் விழுங்கிவிடும் அளவுக்கு உப்பியிருக்கிறது. சூரியனுக்கோ இப்போது 460 கோடி வயது; இன்னும் ஏறக்குறைய 500 கோடி ஆண்டுகள் ஹைட்ரஜனை எரித்துவிட்டு, பெருத்துச் சிவந்து, பின்னர் வெண்குள்ள விண்மீனாகச் சுருங்கும். வெண்குள்ள விண்மீனுக்குச் சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு என்ற நிறை வரம்பு உண்டு என்று கண்டவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். இதையும் உள்ளடக்கிய பணிக்காக 1983இல் நோபல் பரிசு பெற்றார்.

திருவாதிரை ஒருநாள் வெடிக்கும்போது, தன்னுள் உருவாக்கிய ஆக்சிஜன் உள்ளிட்ட தனிமங்களை விண்வெளியில் இறைக்கும். நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனும் சூரியன் பிறப்பதற்கு முன் இப்படி வெடித்த விண்மீன்களிலிருந்து பெரும்பாலும் வந்ததே.

படி 5: விண்மீன்கள் பிறக்கும் இடத்தைப் பார்த்தல்

பட்டையின் நடு விண்மீனைப் பைனாகுலரில் பிடித்துக்கொண்டு தெற்கே நகருங்கள். நான்கு பாகைக்கு (டிகிரிக்கு) சற்று அதிகமான தொலைவில், வாளின் நடுவில் பஞ்சு போன்ற ஒரு திட்டு தெரியும். அதுவே ஓரியன் நெபுலா. 10x50 பைனாகுலரில் பட்டையின் நடு விண்மீனும் இதுவும் ஒரே பார்வை வட்டத்துக்குள் அடங்கும்.

இருட்டுக்குக் கண் பழக இருபது, முப்பது நிமிடங்கள் ஆகும். அதற்குள் ஒருமுறை கைப்பேசித் திரையைப் பார்த்தாலும் மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். இன்னொன்று, நெபுலாவை நேராக உற்றுப் பார்க்காதீர்கள். மங்கலான ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லாமல் அதைச் சுற்றியே நிறைந்திருப்பதால், பார்வையைச் சற்று ஓரமாக வைத்துக்கொண்டு கவனத்தை மட்டும் நெபுலாவில் செலுத்தினால் அதன் சிறகு போன்ற விரிவு மெல்ல வெளிப்படும்.

அது சுமார் 1,350 ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருக்கிறது. நீங்கள் பார்க்கும் ஒளி காஞ்சியில் பல்லவர் ஆண்ட காலத்தில் புறப்பட்டது. அங்கிருக்கும் விண்மீன்களில் பலவற்றின் வயது சில லட்சம் ஆண்டுகளே. 1990களின் தொடக்கத்தில் ஹபிள் தொலைநோக்கி, அந்த இளம் விண்மீன்களைச் சுற்றி வாயுவும் தூசும் கலந்த தட்டுகள் இருப்பதைப் படம் பிடித்தது. நமது சூரியக் குடும்பமும் இப்படிப்பட்ட ஒரு தட்டிலிருந்தே உருவானது.

படி 6: சூரியக் குடும்பத்தின் தட்டையைச் சரிபார்த்தல்

இதற்குக் கருவி தேவையில்லை. கார்த்திகை, ரோகிணி ஆகியவற்றின் அருகில் தொடங்கி, புனர்பூசத்தின் இரட்டை விண்மீன்களை ஒட்டிச் சென்று, மக விண்மீனைத் தொடும் ஒரு வளைகோட்டை மனத்தில் வரையுங்கள். அன்றிரவு அந்தப் பக்கத்தில் எந்தக் கோள் தெரிந்தாலும் இந்தக் கோட்டை ஒட்டியே நிற்கும்; நிலவும் இதே வழியில்தான் செல்லும். பிறந்த தட்டின் தளத்தை விட்டுக் கோள்கள் அதிகம் விலகவில்லை என்பதற்கு இதுவே கண்கூடான சான்று.

உயிருக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

2023இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் தரவுகளிலிருந்து, நீங்கள் பார்த்த அதே நெபுலாவில் ஓர் இளம் விண்மீனின் தட்டில் மெத்தில் நேரயனி இருப்பது அறிவிக்கப்பட்டது. ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த இந்த அயனி, சிக்கலான கார்பன் சேர்மங்கள் உருவாவதற்கு ஒரு தொடக்கப்படி. அதற்கு அடுத்த கட்டத்துச் சான்றுகள் விண்கற்களில் இருக்கின்றன: 1969 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த கல்லில் அமினோ அமிலங்கள் காணப்பட்டன. பென்னு சிறுகோளிலிருந்து 2023இல் ஒசைரிஸ்-ரெக்ஸ் கலம் கொண்டுவந்த மாதிரியில், உயிரினங்கள் புரதத்துக்குப் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14 இருப்பதாக 2025 ஜனவரியில் அறிவித்தார்கள். இவையெல்லாம் மூலப்பொருள்கள் மட்டுமே. இவற்றிலிருந்து முதல் உயிர் எப்படித் தோன்றியது என்பதற்கு இன்னும் உறுதியான விடையில்லை.

பிற்சேர்க்கை 1: திருவாதிரையைச் சுற்றும் கோளில் உயிர் இருக்குமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். வாய்ப்பு மிகக் குறைவு. பூமி உருவாகி ஏறக்குறைய 100 கோடி ஆண்டுகளுக்குள் நுண்ணுயிர்கள் இருந்ததற்குச் சான்றுகள் கிடைத்துள்ளன. அதில் நூறில் ஒரு பங்கு அவகாசமே திருவாதிரைக்கு உண்டு.

பிற்சேர்க்கை 2: மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் அதைக் கழற்றலாமா என்ற கேள்வி வந்திருக்கிறது. கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ மட்டும் என்றால் கழற்றலாம், குவியச் சக்கரமே ஈடுசெய்துவிடும். சிதறல் பார்வை, அதாவது சிலிண்டர் பவர், கணிசமாக இருந்தால் கண்ணாடியுடனேயே பார்க்க வேண்டும். கண்வில்லையின் ரப்பரை மடித்துவிட்டுக்கொள்ளுங்கள்.

பிற்சேர்க்கை 3: படங்களில் இளஞ்சிவப்பாக இருக்கும் நெபுலா கண்ணுக்குச் சாம்பல் நிறமாகத் தெரிவதாகச் சிலர் எழுதியிருக்கிறார்கள். அது கருவியின் குறையன்று. மங்கலான ஒளியை உணரும் செல்களுக்கு நிறம் தெரியாது, ஹைட்ரஜன் உமிழும் சிவப்பு ஒளியோ அவற்றை ஏறக்குறைய எட்டுவதே இல்லை. நிறம் வேண்டுமென்றால் கைப்பேசியை முக்காலியில் பொருத்தி, இரவுப் பயன்முறையில், தொடும்போது ஆடாதபடி மூன்று விநாடி டைமர் வைத்து எடுத்துப் பாருங்கள்; இருட்டான ஊராக இருந்தால் வாளின் நடுப்புள்ளி மற்ற இரண்டைப் போலில்லாமல் லேசான ரோஜா நிறத்தில் பதியும்.