பொக்கற் கத்தி வாங்க முன்னம்
பல்கருவிக் கத்தி வாங்குகிறவர்கள் எத்தனை கருவி இருக்கிறது என்று எண்ணாதீர்கள், போன கிழமை கைக்கு என்ன தேவைப்பட்டது என்று யோசியுங்கள். வயலில் பம்பின் நட்டு இளகினாலோ மோட்டார் சைக்கிளில் வயர் கழன்றாலோ குறடு இல்லாமல் சரிவராது, அதற்கு லெதர்மன் கொம்பனியின் கத்தி மாதிரி குறடு உள்ளதுதான் சரி, ஆனால் அந்தக் கொம்பனியின் வேவ் மாடல் 241 கிராம், சாரத்து மடிப்பில் நிற்காது (என்னுடையது ஒருமுறை வாய்க்காலுக்குள் போனது). உர பாக் வெட்ட, ரின்மீன் திறக்க மட்டும் என்றால் மடித்தால் 91 மில்லிமீட்டர் நீளம் வருகிற சுவிஸ் கத்தி போதும். ஆனால் ஒன்று, அந்த அளவில் பெரும்பாலும் பிளேட்டுக்குப் பூட்டு இல்லை. குத்தி அழுத்தினால் மடிந்து விரலில் விழும், தடி சீவுகிறவர்கள் பூட்டு உள்ளதையே பாருங்கள். கடையிலேயே ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள்; நகம் உடைகிற இறுக்கமென்றால் ஈரக்கையால் திறக்கவே ஏலாது. முல்லைத்தீவுக் கரைப்பக்கம் இருப்பவர்கள், துருப்பிடிக்காத எஃகு என்று நம்பி விடாதீர்கள், உப்புக்காற்றுக்கு மூட்டில் துரு வரும்: நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. மற்றது, விமானம் ஏறக் கட்டுநாயக்கா போகிற நாளில் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டிக்குள் போடுங்கள்.