தொடை சீக்கிரம் சோராமல் இருக்க நான் மாற்றியது

முட்டி ஜவ்வு ஆபரேஷனுக்குப் பிறகு என் இடது தொடை இளைத்துப்போய், காலைத் தூக்கவே முடியவில்லை. அஸ்தம்பட்டி வீட்டிலேயே, மின் துடிப்பால் தசையை இறுக வைக்கும் மின்தூண்டல் கருவி வைத்துக்கொண்டேன். முதல் சில தடவை தசை நன்றாக இறுகும். முட்டிச்சில்லு மேலே ஏறுவது கண்ணுக்கே தெரியும். ஐந்து நிமிடம் போனால் தோல் மட்டும்தான் துடிக்கும். கரண்டைக் கூட்டிப் பார்த்தேன். எரிச்சல்தான் மிச்சம்.

ஏற்காட்டிலிருந்து வரும் பிசியோ அக்கா பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார். கருவியில் நான் வைத்திருந்தது 80 ஹெர்ட்ஸ் அதிர்வெண் (நொடிக்கு 80 மின் துடிப்பு), 10 நொடி ஓட்டம், 10 நொடி ஓய்வு. நாமாகக் காலை அசைக்கும்போது உடல் தசை இழைகளை மாற்றி மாற்றி வேலை வாங்குகிறது. கருவியோ அதே இழைகளைத் திரும்பத் திரும்ப ஒரே நேரத்தில் இழுக்கிறது. அதிர்வெண் கூடக் கூட அவை சீக்கிரம் சோர்ந்துவிடும். அதனால் 35 ஹெர்ட்ஸுக்கு இறக்கினார், ஓய்வை 50 நொடியாக்கினார். அதிர்வெண்ணை இறக்கியதால் குறைந்த விசையை ஈடுகட்ட, துடிப்பின் அகலத்தை (ஒவ்வொரு துடிப்பும் நீடிக்கும் நேரத்தை) 200 மைக்ரோ நொடியிலிருந்து 300க்கு ஏற்றினார். எனக்கென்னவோ அந்த நீண்ட ஓய்வுதான் பெரிய மாற்றம் என்று தோன்றுகிறது.

இப்போது 15ஆவது தடவையிலும் முட்டிச்சில்லு ஏறுகிறது. அப்புறம் ஒன்று: பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்தக் கருவியைத் தொடவே வேண்டாம்.